கம்ப்ரசர் டாங்கில் தேங்கும் தண்ணீர்: பட்டறைக்காரரும் விவசாயியும் கவனிக்க வேண்டியவை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை ஒட்டி இருக்கிறது கள்ளிக்குப்பம். 2011-ஆம் ஆண்டு அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்த பிறகு அதுவும் மாநகரம்தான். ஆனாலும் செங்குன்றம், பெரியபாளையம் பக்கத்து விவசாயிகள் டிராக்டர், பவர் டில்லர், மருந்து தெளிக்கும் கருவி ஆகியவற்றை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவது நிற்கவில்லை. தொழிற்பேட்டை அருகில் இருப்பதால் பேரிங், பெல்ட், வாஷர் எதுவானாலும் அன்றே கிடைத்துவிடும்.

அப்படி வந்த ஒரு விவசாயியுடன் நானும் அங்கே ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். டிராக்டரின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தார் மெக்கானிக். தூசி பறந்தது. கூடவே காவி நிறத்தில் தண்ணீரும் சிதறிக் காகித ஃபில்டரின் மேல் விழுந்தது. "டாங்கில் உள்ள தண்ணீரைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள்?" என்று கேட்டேன். "தினம் திறந்து விடுவதற்கு அது என்ன சார், தெருக்குழாயா?" என்று சிரித்தார்.

திறந்து பார்ப்போம் என்று இருவரும் குனிந்தோம். அடியில் இருந்த டிரெயின் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, ஸ்பானர் போட்டுத் திருப்பினோம். முக்கால் வாளித் தண்ணீர் இறங்கியது. நிறம் கருப்புக் காப்பி போல இருந்தது. அப்போதுதான் இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. டாங்கின் அடிப்பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெல்டிங் ஒட்டு. மேலே சேப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட். "வால்வு கசிந்துகொண்டே இருந்தது சார், அதனால் அடைத்துவிட்டேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பேச உட்கார்ந்தேன்.

அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டறைக் கருவியைப் பற்றி விவசாயப் பகுதியில் எதற்கு என்று கேட்பீர்கள். இன்று டிராக்டர் வைத்திருப்பவர் கொட்டகையிலும், வாடகைக்கு இயந்திரம் விடும் உழவர் குழுக்களின் ஷெட்டிலும் கம்ப்ரசர் வந்துவிட்டது. டயருக்குக் காற்று, ஃபில்டர் சுத்தம், பெயிண்ட் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். போர்வெல்லில் காற்றடித்துத் தண்ணீர் எடுப்பவர்களிடமோ அது பல வருஷங்களாக இருக்கிறது.

காற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கம்ப்ரசர் செய்யும் வேலை சைக்கிள் பம்பு செய்யும் வேலைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்வால்வு வழியாக வருகிறது. மேலே ஏறும்போது அது நசுங்கி, வெளிவால்வு வழியாக டாங்குக்குப் போகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசரின் ஹெட்டிலோ, ஒரே கட்டத்தில் 7 கிலோ வரை அழுத்தும்போது, வெளியேறும் காற்று 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும். (கேஜில் காட்டும் ஒரு கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம். 7 கிலோ என்றால் பழைய கணக்கில் 100 பவுண்டு.)

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. 30 டிகிரி வெப்பமும் முக்கால் பங்கு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். கேஜ் 7 கிலோ காட்டும்போது எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. எட்டு பங்குக்கும் சேர்த்து 180 கிராம் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஆனால் டாங்கில் காற்று 40 டிகிரிக்கு ஆறும்போது ஒரு கன மீட்டர் இடம் 50 கிராம் ஆவியைத்தான் தாங்கும். மீதி 130 கிராம் தண்ணீராக அடியில் விழ வேண்டியதுதான். நிமிஷத்துக்கு 200 லிட்டர் காற்று இழுக்கும் 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் மூன்று மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். மழை மாதங்களில் இன்னும் அதிகம். இது இயந்திரத்தின் பழுது அல்ல. புதுக் கம்ப்ரசரிலும் வரும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வரும்.

இந்தத் தண்ணீர் நிற்பதால் வரும் கேடுகள் பல. டாங்கில் காற்றுக்கு உள்ள இடம் குறைந்து மோட்டார் அடிக்கடி ஓடும். காற்றோடு தண்ணீர் வந்து டிராக்டரின் காகித ஃபில்டரை நனைக்கும். நனைந்த ஃபில்டரில் தூசி சேறாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கும். பெயிண்டில் கொப்புளம் விழும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. டாங்கின் இரும்புத் தகட்டை உள்ளிருந்து துரு தின்கிறது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அடியில் தகடு பாதியாக மெலிந்திருக்கும்.

டாங்க் என்பது வெறும் பீப்பாய் அல்ல

160 லிட்டர் டாங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்றால், கேஜில் 8 கிலோ காட்டும்போது அதன் ஒவ்வொரு பக்க மூடியையும் சுமார் 10 டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அது திடீரென்று பிளந்தால் வெளிப்படும் சக்தி, ஒரு டன் எடையைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எறியப் போதுமானது. கூரை ஷீட்டும், பக்கத்தில் நிற்கும் ஆளும் அதற்கு எம்மாத்திரம்?

இதனால்தான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காற்றழுத்தத்திற்கு மேல் அழுத்தம் தாங்கி இயங்கும் கருவிகளுக்கென்றே 31-ஆவது பிரிவை ஒதுக்கியது. பெரிய ஆலைகளில் இந்தச் சோதனைகள் நடக்கின்றன. நம் கொட்டகையில் இருக்கும் டாங்கைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் இறக்குவதற்கு முறை உண்டு. நாள் வேலை முடிந்ததும் மோட்டாரை அணைத்து, காற்றைக் குழாய் வழியாக விட்டு, கேஜில் ஒரு கிலோ நிற்கும்போது அடி வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். அந்தக் கொஞ்ச அழுத்தமே தண்ணீரையும் துருவையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் வால்வு திறந்தே இருக்கட்டும், உள்ளே ஈரம் உலரும். காலையில் மூடிவிட்டு மோட்டாரைப் போடலாம்.

இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று யோசித்தால், சோம்பலைவிட வால்வு இருக்கும் இடமே காரணம் என்பேன். டாங்கின் வயிற்றுக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதை வைத்திருக்கிறார்கள். தினமும் மண்டியிட்டுப் படுத்து யார் திருப்புவார்கள்? ஒரு எல்போ, ஒரு அடி நீளக் கால் அங்குலக் குழாய், நுனியில் ஒரு பால் வால்வு. இவ்வளவும் போட்டு வால்வை வெளிப்பக்கம் கொண்டுவந்துவிட்டால் காலாலேயே திறக்கலாம். வால்வு இல்லாத பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒரு மரச்சட்டம் கொடுத்தால் தண்ணீர் முழுவதும் வால்வுப் பக்கம் ஓடி வரும். இறக்கிய தண்ணீரில் ஆயில் கலந்திருக்கும். அதைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. பழைய டின்னில் சேர்த்து வையுங்கள்.

டாங்கில் ஊசித்துளை விழுந்து காற்று கசிந்தால் வெல்டிங் வைக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வைக்கக் கூடாது. ஒரு இடத்தில் துளை விழுந்திருக்கிறது என்றால் சுற்றியுள்ள தகடும் அதே அளவுக்கு அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடு பட்டால் ஒட்டைச் சுற்றியுள்ள இடம் இன்னும் பலவீனமாகும். ஊசித்துளை கசிவதோடு நின்றுவிடும், ஒட்டுப் போட்ட தகடோ பிளந்துகொள்ளும். துளை விழுந்த டாங்க் முடிந்துபோன டாங்க்.

சந்தேகமான டாங்கைச் சோதிக்கக் காற்றடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். சோதனை தண்ணீரால் செய்ய வேண்டும். டாங்கைக் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது முறை. தண்ணீர் நசுங்காத பொருள். அதனால் டாங்க் விட்டுப்போனாலும் பீச்சியடித்து நின்றுவிடும், வெடிக்காது. இந்தச் சோதனையைத் தெரிந்தவர்கள் கையால் செய்துகொள்ளுங்கள்.

போல்ட் போட்டு அடைக்காதீர்கள்

கம்ப்ரசரில் பிரஷர் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. காற்று 8 கிலோ ஏறியதும் மோட்டாரை நிறுத்தி, 6 கிலோவுக்கு இறங்கியதும் மறுபடி ஓட்டும். அந்த ஸ்விட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. அப்போது நம்மைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது சேப்டி வால்வு ஒன்றுதான். வேலை அழுத்தத்துக்குச் சற்று மேலே அது தானாகத் திறந்துகொள்ளும்.

வாரம் ஒருமுறை, டாங்கில் காற்று இருக்கும்போது, அதன் வளையத்தை இழுத்துவிட வேண்டும். படாரென்று காற்று வந்து, விட்டதும் நின்றால் நல்லது. இழுத்தும் காற்று வராவிட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றிவிட வேண்டும். கசிந்துகொண்டே இருந்தால் உட்காரும் இடத்தில் தூசி இருக்கலாம். இரண்டு மூன்று முறை இழுத்து விட்டால் சரியாகும். ஆகாவிட்டால் அதே அழுத்தத்துக்கு உரிய புது வால்வு வாங்கிப் போடுங்கள். ஸ்பிரிங்கை இறுக்கிக் கசிவை நிறுத்துவதும், போல்ட் போட்டு அடைப்பதும் ஒரே தவறுதான். வீட்டுப் பிரஷர் குக்கரின் சேப்டி வால்வை ஆணி அடித்து மூட நம் வீட்டுப் பெண்கள் சம்மதிப்பார்களா?

இன்னொரு விஷயம். வேலை முடிந்ததும் உடம்பில் உள்ள தூசியை ஏர் கன்னால் ஊதிக்கொள்ளும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. தோலில் ஒரு சிறு வெட்டு இருந்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே புகும். கண்ணில் பட்டால் பார்வை போகும். விளையாட்டாக அடுத்தவர் உடம்பில் காற்றைப் பாய்ச்சி, குடல் கிழிந்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆயில், ஃபில்டர், பெல்ட்

ஆயிலில் மிச்சம் பிடிப்பது வீண். டிராக்டரில் இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைக் கம்ப்ரசரில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் ஆயில் என்றே கடையில் கிடைக்கிறது. தயாரித்த கம்பெனி எந்த ரகம் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்துகள் கலந்திருக்கும். கம்ப்ரசரின் கொதிக்கும் வால்வுகளில் அவை கரியாகப் படியும். வால்வு சரியாக மூடாமல் போவதற்கு இந்தக் கரிதான் முதல் காரணம். புது இயந்திரத்துக்கு முதல் 50 முதல் 100 மணி நேரத்துக்குள் ஆயில் மாற்றிவிட்டு, பிறகு கம்பெனி சொன்ன கணக்கில் மாற்றி வந்தால் போதும். கண்ணாடியில் ஆயில் மட்டத்தைத் தினமும், மோட்டார் நிற்கும்போது பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கரி போலக் கறுத்திருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். நெல் அடிக்கும் களத்துக்கு அருகில் இருந்தால் வாரம் இருமுறை. பூச்சிமருந்து, தின்னர், டீசல் வைக்கும் இடத்திலிருந்து கம்ப்ரசரைத் தள்ளி வைக்க வேண்டும். இழுக்கும் காற்றோடு அந்த ஆவியும் போய்க் கொதிக்கும் ஹெட்டில் சேரும். எங்கள் பயிற்சிக் கொட்டகை ஒன்றில் கம்ப்ரசரை விதைநேர்த்தி செய்யும் மூலையில் வைத்திருந்தோம். மருந்துத் தூள் ஃபில்டரை அடைத்து, நான்கே மாதத்தில் வால்வுத் தகடு உடைந்தது. தவறு என்னுடையதுதான், இடம் மிச்சம் என்று அங்கே வைக்கச் சொன்னது நான்.

பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். மிக இறுக்கினால் மோட்டார் பேரிங் போகும். இரட்டைப் பெல்ட் உள்ள இயந்திரத்தில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டின் மேல் கம்பி வலைக் காப்பு கட்டாயம் வேண்டும். வேட்டியோ துண்டோ சிக்கினால் கை போய்விடும்.

ஃப்ளைவீலின் ஆரங்கள் விசிறி போலச் செய்யப்பட்டிருக்கும். அது ஓடும் திசைக்கு அம்புக்குறி உண்டு. மும்முனை மின்சாரத்தில் லைன் வேலை நடந்த பிறகு பம்பு செட் தலைகீழாக ஓடுவதை அனுபவத்தில் அறிவீர்கள். கம்ப்ரசர் தலைகீழாக ஓடினாலும் காற்றடிக்கும், ஆகையால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் விசிறிக் காற்று ஹெட்டின் பக்கம் போகாமல் எதிர்ப்புறம் போகும். ஒரு வாரத்தில் ஹெட் கேஸ்கெட் கருகிவிடும். மின்சார வாரியத்தார் லைனில் கை வைத்துவிட்டுப் போன அன்று அம்புக்குறியை ஒருமுறை பாருங்கள்.

மோட்டார் நின்றதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஹெட்டுக்கும் டாங்குக்கும் இடையே உள்ள குழாயில் இருக்கும் காற்று வெளியேறும் சத்தம் அது. அது கேட்டால்தான் அடுத்த தடவை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பும். சத்தம் வராமல், மறுபடி போடும்போது மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் உடனே அணையுங்கள். பிரஷர் ஸ்விட்சோடு சேர்ந்த சின்ன வால்வு அடைத்திருக்கும். மாறாக, 'புஸ்' சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டாங்கின் வாயில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை. கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் டாங்கில் காற்று துளியும் இல்லாதபோதுதான் அதில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

கெட்டது எது என்று கண்டுபிடிப்பது

கம்ப்ரசர் வாங்கிய அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். காலி டாங்க் 7 கிலோ ஏற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து, டாங்கின் மேலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை அதே சோதனை. எட்டு நிமிஷத்தில் ஏறியது பத்து நிமிஷமானால் எங்கோ கோளாறு வந்துவிட்டது. இதற்கு மெக்கானிக் வேண்டாம்.

நேரம் கூடினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் கசிவு. டாங்கை நிரப்பி, மோட்டாரை அணைத்து, இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 7 கிலோ அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை நிமிஷத்துக்குச் சுமார் 70 லிட்டர் காற்றை விழுங்கும். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் தரும் காற்றில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும். வயல் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஷெட்டுக்கு மீட்டர் ஓடுகிறது.

கசிவும் இல்லை என்றால் வால்வு. மோட்டார் ஓடும்போது ஃபில்டரின் வாயில் கையை வையுங்கள். காற்று உள்ளே இழுக்க மட்டும் வேண்டும். கையின் மேல் திருப்பி ஊதினால் உள்வால்வுத் தகடு உடைந்தோ, கரிபிடித்தோ இருக்கிறது. ஹெட் வழக்கத்தைவிட மிக அதிகம் கொதித்தால் வெளிவால்வைச் சந்தேகிக்கலாம். நுழைந்த சூடான காற்றே திரும்ப வந்து மறுபடி நசுங்குவதால் இந்தச் சூடு. காற்றில் ஆயில் அதிகம் வந்து, கிராங்க் கேஸின் மூச்சுத் துளையில் புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரிங் மாற்றுவது பழகிய மெக்கானிக்கின் வேலை. வால்வு சுத்தம் செய்வதை ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

அதற்கு முதலில் ஃபியூஸையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. வேறு யாராவது வந்து போட்டுவிடுவார்கள். டாங்கைக் காலி செய்து, ஹெட் ஆறும் வரை பொறுத்து, போல்டுகளைக் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வால்வுத் தகடு, ஸ்பிரிங், கேஸ்கெட் எது மேலே எது கீழே என்று கழற்றும் வரிசையிலேயே ஒரு துணியில் பரப்புங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, கரியை மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். ஆக்ஸா பிளேடு வேண்டாம். ஒரு கீறல் விழுந்தாலும் வால்வு கசியும். விரிசல் விட்ட தகடு, நுனி வளைந்த தகடு ஆகியவற்றைத் திருப்பிப் போட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். பாகங்களைத் துடைத்து முழுவதும் உலர்த்திய பிறகே பூட்டுங்கள்.

கேஸ்கெட் புதிதாக, பழைய கனத்திலேயே இருக்க வேண்டும். மெலிதாகப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். தடிமனாகப் போட்டால் காற்று குறையும். போல்டுகளை மறுபடி குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். அடி வால்வைத் திறந்துவைத்துச் சுமையில்லாமல் கால் மணி நேரம் ஓட்டி, ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய கம்ப்ரசர்

கள்ளிக்குப்பத்துப் பட்டறைக்காரரின் டாங்க் அந்தக் கதிக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. இவருடைய கம்ப்ரசரும் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்திருக்கிறது. வெயிலில் காயவைத்து அப்படியே ஓட்டிவிட்டார். ஓடியது. உள்ளே போன சேறு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

மூழ்கிய கம்ப்ரசரை எக்காரணத்தைக் கொண்டும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. மோட்டாரை இறக்கி, வைண்டிங் கடையில் உலர்த்தி, இன்சுலேஷன் ஒரு மெகாஓம் அளவாவது இருக்கிறதா என்று மெக்கரால் சோதித்த பிறகே மாட்ட வேண்டும். கிராங்க் கேஸில் ஆயிலை இறக்கினால் முதலில் தண்ணீர்தான் வரும். கொஞ்சம் புது ஆயில் ஊற்றி, கையால் ஃப்ளைவீலைச் சுற்றி, அதையும் இறக்கி, மறுபடி புது ஆயில் நிரப்புங்கள். கிராங்க் கேஸுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது வழக்கமாக இருக்கிறது. அது வேண்டாம். மூலை முடுக்கில் தங்கியது ஆவியாகி, ஓடும்போது சூடான ஹெட்டுக்குப் போகும். ஃபில்டர், சேப்டி வால்வு இரண்டையும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். பிரஷர் ஸ்விட்சைத் திறந்து சேறு துடைத்து உலர்த்துங்கள். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிட வேண்டும். தாழ்வான இடத்தில் ஷெட் வைத்திருப்பவர்கள் இரண்டடி உயரத்துக்குத் திண்ணை கட்டி அதன் மேல் கம்ப்ரசரை ஏற்றிவிடுவது மலிவான காப்பீடு.

போர்வெல் கம்ப்ரசருக்கு ஒரு வார்த்தை

ஆழ்குழாயில் காற்றைச் செலுத்தித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசரும் இதே இயந்திரம்தான். கோவையில் செய்யப்பட்டவை தமிழ்நாடு முழுவதும் ஓடுகின்றன. மணல் வரும் குழாயிலும், தண்ணீர் குறைந்து விட்டு விட்டு ஊறும் குழாயிலும் மோட்டாரை உள்ளே இறக்கி மாட்டிக்கொள்ளாமல் தண்ணீர் எடுக்கலாம் என்பது இதன் வசதி. செலவாகும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவு என்பது குறை.

பட்டறைக் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும். இதுவோ கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் ஓடுகிறது. ஆகவே ஆயில் மாற்றும் கணக்கை மாதத்தில் பார்க்காமல் மணியில் பாருங்கள். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மூன்றே மாதத்தில் 500 மணி தாண்டிவிடும். ரிங் தேய்ந்த கம்ப்ரசரின் ஆயில் காற்றோடு போய்த் தண்ணீரில் கலக்கும். தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கோ மாட்டுக்கோ கொடுக்காமல் உடனே ரிங்கை மாற்ற வேண்டும். நிழல் இல்லாமல் வரப்பில் வெயிலில் நிற்கும் இயந்திரத்துக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போதும். நான்கு பக்கமும் மூடிவிட்டால் சூடு வெளியே போகாது.

டயருக்குக் காற்றடிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். டிராக்டரின் பின் டயருக்கு ஒரு கிலோ அளவே போதும், டாங்கில் இருப்பதோ எட்டு கிலோ. கேஜ் இல்லாமல் கை மதிப்பில் அடிக்காதீர்கள். டயருக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். காகித ஃபில்டரை ஊதும்போது ரெகுலேட்டரை 2 கிலோவுக்குக் குறைத்துக்கொண்டு, உட்புறமிருந்து வெளியே ஊத வேண்டும்.

பழைய கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே விலை பேசுகிறார்கள். முதலில் அடி வால்வைத் திறந்து பாருங்கள். வருவது துரு கலந்த குழம்பா, தெளிந்த தண்ணீரா என்று தெரியும். டாங்கில் பெயர்த்தகடு இருக்கிறதா, அதில் தாங்கும் அழுத்தமும் சோதித்த வருஷமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் கை விட்டுத் தடவி ஒட்டு இருக்கிறதா என்று அறியுங்கள். தகடும் இல்லை, ஒட்டும் இருக்கிறது என்றால் மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் மட்டும் விலை பேசி, வேறு டாங்க் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

கள்ளிக்குப்பத்தில் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். ஹெட்டும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன, தண்ணீர்ச் சோதனை செய்து வாங்கிய டாங்கின் மேல் இப்போது ஓடுகின்றன. பழைய டாங்கை அப்படியே இரும்புக் கடைக்குப் போடப் போனார். நான் தடுத்தேன். பெயிண்ட் அடித்து இன்னொருவர் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஆயில் படிந்திருக்கும், ஆகையால் காஸ் கட்டர் வைக்காமல், டிரில் மெஷினால் இரண்டு மூடியிலும் பெரிய ஓட்டை போட்டோம். அடிப்பக்கத் தகட்டில் ஒட்டுக்கு அருகே டிரில்லை வைத்தபோது, அழுத்துவதற்கு முன்பே ஊசி உள்ளே போய்விட்டது.